என் தராசில் ஏறாத பெட்டி

கட்டுமாவடியில் மீன் ஏலம் விடுகிற கடை ஒன்றில் எடை போடுவது என் வேலை. முப்பது வருடமாகப் போடுகிறேன். பள்ளிக்கூடத்தில் நான் இருந்தது மொத்தம் ஒன்றரை வருடம். அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியே முட்டி போட்டிருந்ததால், உள்ளே என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. எழுத்து வராது, எண் மட்டும் வரும். எடை மெஷினில் சிவப்பாக எண் விழுந்தால் வாசித்துவிடுவேன். என் படிப்பு முழுவதும் அந்த நாலு கட்டத்துக்குள் அடங்கிவிட்டது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். காலேஜில் படிக்கிற பெண். நடுவில் எங்காவது நல்ல தமிழ் வந்தால் அது அவள் போட்டது.

எங்கள் பக்கம் வெளிநாடு போகிறவர்கள் எல்லாரும் கிளம்புவதற்கு முதல் நாள் என்னைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். நான் பெரிய மனிதன் என்று வருவதில்லை, என் மெஷினுக்காக வருகிறார்கள். விமானத்தில் ஓர் ஆளுக்கு முப்பது கிலோதான். கூடிப்போனால் திருச்சி ஏர்போர்ட்டில் எல்லார் முன்னாலும் பெட்டியைத் திறந்து ஜட்டி பனியனெல்லாம் வெளியே எடுத்துப் போடவேண்டும். அந்த மானக்கேட்டுக்குப் பயந்து என்னிடம் வருவார்கள். சுற்றுவட்டாரத்தில் என் மெஷின் சொன்னால் சொன்னதுதான். அரை கிலோ இறாலுக்குச் சண்டை வருகிற இடம், அதனால் முதலாளி அதைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வார்.

காலை ஏலம் முடிந்து பெட்டி, கூடையெல்லாம் கழுவி முடிக்கப் பதினோரு மணி ஆகும். அதற்குப் பிறகு சூட்கேஸ்கள் வரத் தொடங்கும். மெஷினை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, அதன் மேல் ஒரு பழைய கல்யாண பிளெக்ஸ் பேனரை மடித்து விரிப்பேன். மாப்பிள்ளை முகம் மேலே வருகிற மாதிரி மடிப்பு. எத்தனையோ பெட்டிகள் அந்த மாப்பிள்ளை மேல் ஏறி இறங்கியிருக்கின்றன. அவரும் இப்போது துபாயில்தான் இருக்கிறார். இவ்வளவு செய்தும் வாடை போகாது. ஒருத்தன் அங்கே போய் இறங்கிவிட்டு போன் போட்டான்.

"மாமா, பெல்ட்டுல நூறு பெட்டி வருது, எல்லாம் கறுப்பு. நான் கண்ணை மூடிக்கிட்டு நின்னேன். மூக்கு சொல்லிருச்சு, இதுதான் நம்ம பெட்டின்னு."

எடை போட நான் காசு வாங்குவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்பேன். "எதுக்குடா போற?" பதில் சொன்னால்தான் பெட்டியை இறக்க விடுவேன். இது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. முன்பெல்லாம் என்னை மாதிரி ஆட்கள்தான் போவார்கள், பள்ளிக்கூடத்தை எட்டி நின்று பார்த்தவர்கள். அவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால், "வேற எதுக்கு, வயித்துக்குத்தான்" என்று முடித்துவிடுவார்கள். இப்போது வருகிறவர்கள் எல்லாரும் டிகிரி. பி.காம், பி.எஸ்சி, இன்ஜினியர், நர்ஸ். படித்தவர்கள் பெட்டியோடு கிளம்புகிறார்கள், கைநாட்டு நான் ஊரைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

படித்தவர்கள் சொல்கிற காரணங்கள் ரகம் ரகமாக இருக்கும். பி.காம் முடித்த ஒருத்தன் சொன்னான்: "படிச்ச படிப்புக்கு அறந்தாங்கில ஜவுளிக்கடையில சட்டை மடிக்கச் சொல்றாங்க மாமா. மடிக்கிறதுல ஒண்ணும் கொறை இல்ல. கூடப் படிச்ச பொண்ணு புருசனோட வந்து அந்தச் சட்டையைப் பிரிச்சுப் பாக்குறா. அங்க போயி மடிச்சா யாருக்குத் தெரியப்போவுது?"

அரிமளத்துப் பக்கமிருந்து ஒரு நர்ஸ் பெண் அவள் அப்பாவோடு வந்தாள். அவளுடைய சித்தி எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். நான் கேட்டபோது அந்தப் பெண் மெஷினையே பார்த்தாள். அவள் அப்பாதான் சொன்னார்: "ரெண்டு ஆளு வேலையை ஒரு ஆளா பாக்குதுங்க. வீட்டுக்கு வந்தா காலு வீங்கிக் கெடக்கு. அங்கயாச்சும் ஒக்கார வைப்பாங்களான்னு அனுப்புறேன்."

இன்னொருத்தன், "ரெண்டே வருசம் மாமா, டக்குன்னு வந்துருவேன்" என்றான். பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். பன்னிரண்டு கைலி இருந்தது.

"ரெண்டு வருசத்துக்கு எதுக்குடா பன்னெண்டு கைலி? கிழிச்சுக் கிழிச்சு மாட்டவா?"

அவன் சிரித்தான், அவன் அம்மா சிரிக்கவில்லை. போய் ஆறு வருடம் ஆகிறது.

என் மகனோடு கூடப் படித்த பையன் ஒருத்தன் சொன்னதுதான் எனக்குப் பிடித்த காரணம். "எல்லாரும் போயிட்டாய்ங்க மாமா. டீமுக்குப் பதினோரு பேரு தேறலை. விக்கெட் கீப்பர் கத்தார்ல இருக்கான். ஓப்பனிங் ஆடுற ரெண்டு பேரும் சவூதில ஒரே ரூம்ல கெடக்காய்ங்க. நான் மட்டும் இங்கிட்டு யாருகூட ஆடுறது?" அவன் பெட்டி இருபத்தொன்பது கிலோ அறுநூறு. பேட்டையும் வைத்திருந்தான்.

அவன் போன பிறகு அந்த டீமில் மிச்சம் இருந்தது என் மகன்தான்.

என் மகன் இன்ஜினியர். மெக்கானிக்கல். எங்கள் வம்சத்தில் ஒரு முழு புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை புரட்டிய முதல் ஆள். பட்டம் வாங்கிய அன்றைக்கு எடுத்த போட்டோவில் நான் பக்கத்தில் நிற்கிறேன், நான்தான் வாங்கியவன் மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு. சென்னைப் பக்கம் கார் பார்ட்ஸ் கம்பெனி ஒன்றில் சேர்ந்தான். காண்ட்ராக்ட் வேலை. ஒரு வருடம் முடியப் பதினைந்து நாள் இருக்கும்போது, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். வேறொரு கம்பெனிக்குப் போனான். அங்கேயும் அதே கதை. பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டான்.

இரண்டு வருடம் வீட்டில் இருந்தான். கவர்மென்ட் பரீட்சைக்குப் படிப்பான், எழுதுவான், கொஞ்சத்தில் தவறிவிடும். தினமும் மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டுவருவான். கேரியரை வைத்துவிட்டு நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கேட்டால் பேசுவான், கேட்காவிட்டால் பேசமாட்டான். அந்த அமைதி எனக்கு ஆகாது. என்னால் ஓர் இடத்தில் சும்மா இருக்க முடியாது. சாவு விழுந்த மையத்து வீட்டுக்குப் போனால்கூட ஓரமாக நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வருவேன். அழுகிறவர்களே என்னைத் தேடுவார்கள். எனக்கு இருக்கிற ஒரே சொத்து அது என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் வரத்து அதிகம், ஏலம் மத்தியானம்வரை இழுத்து முடிகிற நேரம். கூட்டம் இன்னும் கலையவில்லை. மகன் கேரியரோடு வந்தான். கடைசியாக எடை போட்ட மீன் பெட்டியை அப்போதுதான் இறக்கியிருந்தேன், மெஷின் காலியாக இருந்தது. என் நாக்கில் என்ன வந்து உட்கார்ந்ததோ தெரியவில்லை.

"இங்க வா தம்பி, இதுல ஏறு" என்றேன்.

"எதுக்குத்தா?" என்றான். எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஏறுடா, சும்மா. எளைச்சுப் போயிட்டியான்னு பாக்குறேன்."

ஏறினான். கையில் கேரியர். எண் விழுந்தது. நான் கையைத் தட்டி ஏலக் குரலை எடுத்தேன்.

"வாங்க வாங்க! எழுவத்தொரு கிலோ இன்ஜினியர்! நாலு வருசம் காலேஜுல ஊறப்போட்டது! முள்ளு கெடையாது, செதிலு கெடையாது! கரைக்கு வந்து ரெண்டு வருசமாச்சு, இன்னும் ஒருத்தரும் தூக்கலை! கேளுங்க, கேளுங்க!"

கூட்டம் சுற்றிக்கொண்டது. ஐஸ் வண்டி டிரைவர் முதலில் ஆரம்பித்தான். "செவுளைத் தூக்கிக் காட்டு பாய். செவப்பா இருந்தாத்தான் கேப்பேன்."

தலைச்சுமையாக மீன் விற்கிற ஒரு அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு வருசமா? ஐஸாச்சும் போட்டியாண்ணே? போடாம வச்சிருந்தா எடுத்துக் கருவாடு போட்டுரு."

"கருவாட்டு வெலைக்குக் கேட்டாலும் தள்ளிருவேன் தாயி, கேளு!"

"ஓசில குடுத்தாலும் வேணாம் சாமி. எங்க வீட்டுலயே ஒரு பி.எஸ்சி கெடக்கு."

முதலாளியே கல்லாவில் குப்புற விழுந்து சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அந்தக் கடை பார்த்ததில்லை. என் மகனும் சிரித்தான். இதைச் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன், அவனும் சிரித்தான். கேரியரைக் கொஞ்சம் தூக்கிக் காட்டி, "சோத்தையும் சேத்து எடை போட்டுட்டீங்கத்தா" என்றான். சொல்லிவிட்டு இறங்கினான். கூட்டம் இன்னொரு தடவை சிரித்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பரவாயில்லை, பையன் நம்ம ரத்தம்தான், பதிலுக்குப் பதில் வருகிறது என்று நினைத்தேன்.

எங்கள் ஊரில் ஒரு பட்டப்பேர் கிளம்பினால் அதை நிறுத்த ஆள் கிடையாது. மறுநாளிலிருந்து அவன் பேர் "எழுவத்தொண்ணு" ஆகிவிட்டது. டீக்கடையில் "எழுவத்தொண்ணுக்கு ஒரு டீ" என்றார்கள். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்கிற இடத்தில், "எழுவத்தொண்ணு, கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றார்கள். சைக்கிளில் போகிற வாண்டுகள்கூடத் தூரத்தில் போய் நின்றுகொண்டு கத்திவிட்டு ஓடும். பெண் பார்க்கலாம் என்று வந்த தரகர் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டபோது, "யாரு, எழுவத்தொண்ணு வீடா?" என்று கேட்டுத்தான் காட்டியிருக்கிறார்கள். அந்தத் தரகர் மறுபடி வரவில்லை. நான் வைத்த பேர் ஊர் முழுக்க ஓடுகிறதே என்று எனக்குப் பெருமையோ பெருமை. வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். என் வீட்டுக்காரி சோற்றைத் தட்டில் கொஞ்சம் பலமாகப் போடுவாள்.

நாலைந்து மாதத்தில் அவன் பாஸ்போர்ட் எடுத்தான். சாப்பாடு கொண்டுவருவதை நிறுத்திவிட்டான். இன்டர்வியூவுக்குப் படிக்க வேண்டும் என்றான். மகளை எதிரே உட்கார வைத்து இங்கிலீஷில் கேள்வி கேட்கச் சொல்வான், அவன் பதில் சொல்வான். எனக்கு ஒன்றும் புரியாது, ஆனாலும் வாசல் பக்கம் நின்று கேட்பேன். என் மகன் வாயில் இங்கிலீஷ் அப்படியே தண்ணீர் மாதிரி ஓடும். ஒருநாள் மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அது என்னம்மா, தெனமும் மொதல்ல ஒரு கேள்வி கேக்குறியே?"

"ஏன் வெளிநாட்டுல வேலை பாக்க ஆசைப்படுறீங்கன்னு கேக்குறதுத்தா."

"அட, நம்ம கேள்வி! அதுக்கு என்ன சொல்றான்?"

"திறமையை வளத்துக்கணும், புது மெஷினெல்லாம் கத்துக்கணும், பல நாட்டு ஆளுங்களோட சேந்து வேலை பாக்கணும்னு சொல்றான்."

மீன்கடையில் எடை போடுகிறவன் கேட்கிற கேள்வியைக் கோட்டு சூட்டு போட்டவனும் கேட்கிறான் என்பதில் எனக்கு ஒரே குஷி. அதையும் கடையில் சொல்லிச் சிரித்தேன்.

வேலை கிடைத்துவிட்டது. சவூதியில் ஒரு பெரிய குளிர்சாதன கோடவுனில் மெஷின் பராமரிப்பு வேலை. டிக்கெட் வந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் நான் மெஷினை வழக்கத்தைவிட நன்றாகத் தேய்த்தேன். பேனர் வேண்டாம் என்று வீட்டிலிருந்து ஒரு புதுப் பாயைக் கொண்டுபோய் விரித்தேன். நான் பெற்ற பிள்ளையின் பெட்டி ஏறப்போகிறது. என்ன கேட்பது, அவன் என்ன சொல்வான், அதற்கு நான் என்ன சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பது என்றெல்லாம் முதலிலேயே யோசித்து வைத்திருந்தேன்.

பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது. வரவில்லை. ஐஸ் வண்டி டிரைவர் மணமேல்குடிப் பக்கமிருந்து வந்து வண்டியை நிறுத்தினான்.

"பாய், ஒன் மெஷினு ரிப்பேரா?"

"ஏன்டா?"

"இல்ல, ஒன் மவன் அங்கிட்டுப் பழைய இரும்புக் கடையில பெட்டியை எடை போட்டுக்கிட்டு நிக்குது. நான் ஆரன் அடிச்சேன், பாக்காத மாதிரி திரும்பிக்கிச்சு."

நான் சிரித்தேன். "இன்ஜினியருல்ல, இரும்புதான் புடிக்கும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தேன். சுற்றுப்பட்டில் அத்தனை பெட்டியும் என்னிடம் வருகிறது, என் வீட்டுப் பெட்டி மட்டும் ஆறு மைல் தள்ளிப் போயிருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் சங்கரா மீனைப் பாறை மீன் என்று சொல்லி எடை போட்டுக் கொடுத்துவிட்டேன். முதலாளி, "என்ன பாய், கண்ணு தெரியலையா?" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். மகன் நண்பர்களைப் பார்க்கப் போயிருந்தான். பெட்டி பூட்டி நின்றது. மகளை மட்டும் தனியாகக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, அண்ணன் ஏன் நம்ம கடைக்கு வரலை?"

"எனக்கு என்னத்தா தெரியும்?"

"ஒனக்குத் தெரியும்."

துப்பட்டாவின் நுனியை முறுக்கினாள். பிறகு சொன்னாள்.

"மொத நாளு அந்தக் கேள்வியை நான் கேட்டப்ப அவன் இங்கிலீஷ்ல பதில் சொல்லலைத்தா. தமிழ்லதான் சொன்னான். 'அங்க யாருக்கும் என் எடை தெரியாதுல்ல, அதுக்குத்தான் போறேன்'னான். சொல்லிட்டுச் சிரிச்சான். சரி, இப்ப ஒழுங்காச் சொல்றேன், திருப்பிக் கேளுன்னுட்டு இங்கிலீஷ்ல சொன்னான்."

இதைச் சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். முப்பது வருடமாக எத்தனையோ பேரிடம் எதற்குப் போகிறாய் என்று கேட்டிருக்கிறேன். ஊர் சரியில்லை, கம்பெனி சரியில்லை, கவர்மென்ட் சரியில்லை என்று சொல்வார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டுவேன். ஒரு வீட்டில் அப்பன் சரியில்லை என்று ஒருத்தனும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அது யாரோ ஒரு அப்பன் என்று சிரித்திருப்பேன்.

அன்று அவன் வந்ததும் பேசிவிடலாம் என்று இருந்தேன். ஆனால் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். மச்சான் குடும்பம், பக்கத்து வீடு, எதிர்த்த வீடு. எல்லாரும் சாப்பிட்டுவிட்டு என்னைச் சுற்றி உட்கார்ந்து, "ஏதாச்சும் எடுத்து விடுங்க மச்சான்" என்றார்கள். எடுத்துவிட்டேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

மறுநாள் காலையில் வேன். திருச்சிக்கு மூன்று மணி நேரம். மகன் முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், நான் பின்னால். அறந்தாங்கி தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். புதுக்கோட்டையில் டீ குடிக்க இறங்குவோம், அப்போது தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். இறங்கினோம். அவன் டீ வாங்கி முதலில் எனக்குத்தான் கொடுத்தான். டம்ளரை வாங்கிக்கொண்டு, "சூடா இருக்கு" என்றேன். மூன்று மணி நேரப் பயணத்தில் நான் என் மகனிடம் பேசியது அது ஒன்றுதான். வேனில் மற்றவர்களோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன்.

ஏர்போர்ட் வாசலில் எல்லாரையும் கட்டிப்பிடித்தான். என்னையும்தான். என் சட்டையில் மீன் வாடை இருக்குமோ என்று உடம்பைக் கொஞ்சம் ஒடுக்கிக்கொண்டேன். அவன் உள்ளே போனான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம். பத்து நிமிடத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தான். முகம் வேர்த்திருந்தது. வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் கெஞ்சி வெளியே வந்தான்.

"முப்பத்தி நாலு காட்டுதுத்தா. நாலு கிலோ எடுக்கணுமாம்."

பழைய இரும்புக் கடை மெஷின் எப்போதும் குறைத்துத்தான் காட்டும். இரும்பு விற்கப் போகிற குழந்தைக்குக்கூட அது தெரியும். நாலு வருடம் மெஷினைப் பற்றியே படித்த என் மகனுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் போயிருக்கிறான். தப்பு எடை காட்டினாலும் பரவாயில்லை என்று போயிருக்கிறான்.

பெட்டியைத் தரையில் போட்டுத் திறந்தான். அவன் அம்மா இடித்துக் கொடுத்த மசாலாத் தூள், நெத்திலிக் கருவாடு, ஊறுகாய் பாட்டில். அவன் ஒன்றை எடுத்து வெளியே வைத்தால் அவள் ஒன்றை எடுத்து உள்ளே வைத்தாள். "கருவாடு இருக்கட்டும்டா, அங்க கெடைக்காது" என்று அழுதாள். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். எந்த மானக்கேட்டுக்குப் பயந்து ஊரே என்னிடம் வருகிறதோ, அது என் பிள்ளைக்கே வந்து சேர்ந்தது.

நான் குனிந்து இரண்டு தடிப் புத்தகத்தையும் ஒரு ஜீன்ஸையும் எடுத்து வெளியே வைத்தேன். கருவாட்டை உள்ளே தள்ளினேன். பெட்டியை மூடி, கைப்பிடியைப் பிடித்து ஒரு தடவை தூக்கிப் பார்த்தேன். இன்னும் ஒரு கிலோ கூட இருந்தது. ஊறுகாய் பாட்டிலை எடுத்தேன், மறுபடி தூக்கினேன்.

"போதும். முப்பதுக்குக் கொஞ்சம் கீழதான் இருக்கு. இனிமே அவன் ஒண்ணும் சொல்லமாட்டான்" என்றேன்.

"கையால தூக்கியே சொல்லிட்டீங்களா?" என்றான்.

அப்போது எங்கள் இரண்டு பேர் தலையும் பெட்டிக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. அவன் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தான். இதுதான் நேரம் என்று தெரிந்தது. மன்னிச்சிருடா தம்பி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"நேத்து நம்ம மெஷினுக்கு வந்திருந்தா இந்தப் பாடு உண்டா?"

அவன் என்னைப் பார்த்தான். கோபம் ஒன்றும் இல்லை. லேசாகச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

"ஒங்க மெஷின்ல ஒருக்கா ஏறுனது போதும்த்தா."

"நான் அன்னிக்குத் தமாசுக்குத்தாண்டா..."

"தெரியும்த்தா. நானும் தமாசுக்குத்தான் சொன்னேன்."

ஜிப் கடைசிவரை வந்துவிட்டது. பெட்டியை நிமிர்த்தினான். என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு உள்ளே போனான். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கவுன்டரில் பெட்டி ஏறியது. அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் சீட்டு ஒட்டினாள். அவன் எங்கள் பக்கம் திரும்பிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான், எடை சரியாக இருக்கிறது என்பதற்கு. என் வாழ்நாளில் நான் போட்ட எடையிலேயே அது ஒன்றுதான் உருப்படி.

அவன் போய் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. வாராவாரம் வெள்ளிக்கிழமை பேசுகிறான். முதலில் அம்மாவிடம், பிறகு தங்கச்சியிடம். கடைசியில் போன் என்னிடம் வரும். "சாப்டீங்களாத்தா?" "சாப்ட்டேன்." "ஒடம்பு நல்லாருக்கா?" "நல்லாருக்கு." அதற்குள் போனில் சார்ஜ் குறைந்துவிடும். என்னிடம் வரும்போது மட்டும் குறைகிற சார்ஜ்.

எழுதத் தெரியாதவனுக்கு வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்புகிற வசதி இருக்கிறது. கடற்கரைப் பக்கம் போய் யாரும் இல்லாத இடத்தில் உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். "தம்பி, அன்னைக்கு நான் பண்ணது" என்று தொடங்குவேன். ஐந்தாவது வார்த்தையில் ஒரு கேலி வந்து ஒட்டிக்கொள்ளும். என்னை நானே கிண்டல் பண்ணி முடித்துவிடுவேன். போட்டுக் கேட்டால் எனக்கே சிரிப்பு வரும். அழித்துவிட்டு மறுபடி பேசுவேன். எத்தனை தடவை என்று கணக்கில்லை. கடைசியில் ஒருநாள் எதுவும் ஒட்டாமல் ஒரே மூச்சில் சொல்லி அனுப்பிவிட்டேன். "தம்பி, ஒன்னைய மெஷின்ல ஏத்துனது தப்பு. அத்தாவை மன்னிச்சிரு." அவ்வளவுதான்.

இரண்டு நீலக்கோடு விழுந்தது. கேட்டுவிட்டான். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் குரல் வந்தது. பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம். "அத்தா..." என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் மெஷின் சத்தம் மட்டும்தான். பிறகு, "இங்க வெயிலு ஜாஸ்தியா இருக்குத்தா. நீங்க வெயில்ல நிக்காதீங்க" என்றான். நான் அதைப் போட்டுப் போட்டுக் கேட்டேன். மன்னித்துவிட்டானா, இல்லையா என்று அந்த மெஷின் சத்தத்துக்குள் தேடிப் பார்த்தேன். எனக்குப் படிப்பு போதாது.

போன மாதம் காண்ட்ராக்ட் முடிந்தது. லீவில் வருவான் என்று அவன் அம்மா தலையணை உறையெல்லாம் மாற்றினாள். அவன் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான். லீவுகூட எடுக்கவில்லை. "ஒருக்கா வந்துட்டுத்தான் போயேண்டா" என்று அவள் அழுதாள். "பாப்போம்மா" என்றான்.

அடுத்த நாள் ஏலத்தில் நல்ல கூட்டம். நண்டு வரத்து அதிகம். ஐஸ் வண்டி டிரைவர் பெட்டியை இறக்கிக்கொண்டே கேட்டான்.

"என்ன பாய், எழுவத்தொண்ணு லீவுல வருதுன்னியே? எப்ப எறங்குது?"

மீன் பெட்டி இழுக்கிற கொக்கியை நான் கீழே வைத்தேன்.

"அவனை இனிமே அப்படிச் சொல்லாதீங்கடா" என்றேன். "எம் மவன்னு சொல்லுங்க. அவன் ஊருக்கு வரமாட்டேங்குறான்."

ஒரு நொடி எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அடுத்து என்ன வரப்போகிறது என்று காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை என்றதும், அதுதான் வேடிக்கை என்று நினைத்துக்கொண்டு ஐஸ் வண்டிக்காரன் முதலில் சிரித்தான். மீன்கார அம்மா சிரித்தாள். முதலாளி கல்லாவில் தட்டிச் சிரித்தார். "பாய் மூஞ்சியைப் பாருங்கடா, நெசமாவே அழுவுற மாதிரி வச்சிருக்காரு!"

நான் சிரிக்கவில்லை. அதற்கும் சேர்த்து இன்னொரு தடவை சிரித்தார்கள்.